காகிதத்தால் போகும் வீடு

நமது சிறுகதைகளில் வீடு ஒரே நாளில்தான் போகிறது. ஷெல் விழும், அல்லது கடல் ஏறும்; உம்மா குர்ஆனை நெஞ்சோடு அணைத்தபடி படியிறங்குவா; கதை முடிந்துவிடும். இந்தக் குறையை மற்றவர்கள்மேல் சுமத்த வரவில்லை. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் இடம்பெயர்ந்ததை வைத்து நானும் அப்படியொரு கதை எழுதியவன்தான்.

அதைக் கொழும்பிலிருக்கும் என் சாச்சி வாசித்தார். தொடர்மாடியொன்றில் மூன்றாம் மாடி வீட்டுக்குச் சொந்தக்காரி. “மகன், உங்கட கதையில ஷெல் வருது. எங்களுக்குப் பில்லுத்தான் வருது” என்றார். பராமரிப்புக் கட்டணம் கூடியது. கணக்குக் கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. லிப்ட் மாதக்கணக்கில் நின்றது. முழங்கால் வருத்தத்தோடு படியேறினார். பிறகு, விற்றுவிட்டுப் போகலாமே என்ற நயமான பேச்சு. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டப்படி, முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் என்பதே வீட்டுச் சொந்தக்காரர்கள்தான். தானும் ஓர் அங்கத்தவராக உள்ள சபையே தன்னை வெளியே தள்ளுவதை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதைவிட நல்ல கரு எனக்குக் கிடைக்காது. எழுத உட்கார்ந்தால் சொல் வரவில்லை. கண்ணீருக்கு நம்மிடம் நூறு உவமை. நிலுவைப் பில்லுக்கு ஒன்றுகூட இல்லை.

இது கொழும்பு விவகாரம் மட்டுமல்ல. எங்கள் கொட்டியாரக்குடாக் கரையிலேயே சம்பூர் இருக்கிறது. 2006இல் அந்தத் தமிழ்ச் சனங்களை ஓடவைத்தது யுத்தம். திரும்பவிடாமல் தடுத்தது காகிதம்: 2007 மேயில் உயர் பாதுகாப்பு வலய வர்த்தமானி, 2012இல் கைத்தொழில் வலய வர்த்தமானி. பிந்தியது 2015இல் இரத்தான பிறகே 818 ஏக்கருக்கு வழி திறந்தது. ஓடிய நாளைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். அதன் பின்னான ஒன்பது வருடங்களில் நிரப்பிய படிவங்களைப் பற்றி, நான் வாசித்த கதைகளில் ஒரு வரியும் இல்லை.

காகிதம் இலக்கியமாகாது என்பார்கள். ஊரில் காணி மனு எழுத என்னிடந்தான் வருவார்கள். முதலில் கிணற்றைச் சொல்வார்கள், பிறகு மாமரத்தை. உறுதி இலக்கம் கடைசியில்தான் வரும். நான் இலக்கத்தை மேலே எழுதி, மாமரத்தை வெட்டிவிடுவேன். கதை எழுதும்போது மாமரத்தை வைத்துக்கொண்டு இலக்கத்தை வெட்டுகிறேன். அவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

சாச்சியின் கதையை லிப்ட் நின்ற திகதியிலிருந்து தொடங்கியிருக்கிறேன். அவர் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்.