சீறாவும் ஒரு சீனப் பாட்டும்

சீனருக்குக் காப்பியம் கிடையாது என்று ஹெகல் சொல்லி வைத்ததைப் பலர் வெகுகாலம் திருப்பிச் சொல்லி வந்தார்கள். 1980களில் ஹூபெய் மாகாணத்து ஷென்னோங்ஜியா மலைப்பக்கம் ஹூ சோங்ஜூன் என்பவர் ஒரு நெடும்பாட்டைத் திரட்டினார். பெயர் 'இருளின் கதை'. வானும் பூமியும் பிரியுமுன் இருந்த இருட்டில் தொடங்கி பான்கு, நூவா கதைகள் வழியே போகிறது. இழவு வீட்டில் முரசு தட்டி இரவிரவாகப் பாடுவது. வீடுகளில் கைப்பிரதிகளாகவும் கிடந்தது. 2002இல் நூலாக வந்தது. ஹான் மக்களின் முதல் காப்பியம் இதுதான் எண்டு சிலர் கொண்டாட, இது அவ்வளவு பழசுமல்ல, காப்பியமுமல்ல எண்டு வேறு சிலர் மறுத்தார்கள். பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்ற பேச்சு அந்தச் சண்டைக்குள் அமுங்கிப் போனது.

எங்கட சீறாப்புராணத்துக்கும் ஏறத்தாழ இதே கதிதான். உமறுப் புலவரின் 5,027 விருத்தங்களையும் காயல்பட்டினத்து செய்கு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம் புலவர் 1842இலேயே அச்சேற்றிவிட்டார். உ.வே.சா.வின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வந்தது 1887இல்தான். அப்படியிருந்தும் பல இலக்கிய வரலாறுகளில் சீறாவுக்குக் கிடைத்தது ஒரு பந்தி. பாணந்துறை ம.மு. உவைஸின் ஆங்கில ஆய்வு 1953இல் நூலாக வந்தது. பின்னர் அஜ்மல்கானோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். அந்த உழைப்பை வைத்து நாம் என்ன செய்தோம்? மேடையேறி, "எங்களுக்கும் இத்தனை காப்பியம்" எண்டு எண்ணிச் சொன்னோம். வாசிக்கவில்லை.

நாட்டுப் படலத்தையே எடுங்கள். அறபு நாட்டில் மழை கொட்டுகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. பாலைவனத்தில் ஏது வயல் எண்டு நம்மவர் சிலர் கூசுகிறார்கள். கம்பனைப் பார்த்து எழுதியது என்று மற்றவர்கள் ஒதுக்குகிறார்கள். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்கப்போகும் மண்ணைக் கேட்பவன் தன் ஊர்த் தண்ணீரோடுதான் கற்பனை செய்வான். உமறு அவனுக்காக எழுதினார். வர்ணனை சில இடங்களில் இழுபடத்தான் செய்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த ஈரம் இல்லாவிட்டால் பின்னால் வரும் ஹிஜ்றத்தின் வறண்ட வழி நமக்கு உறைக்காது.

லுணுகலையைச் சுற்றிய தோட்டங்களில் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் இரவிரவாக நடக்கும். பார்க்க வருகிற சனம் இது காப்பியமா எண்டு விசாரித்துவிட்டு உட்காருவதில்லை. சீறாவும் றபீஉல் அவ்வலில் ராகத்தோடு படித்துப் பொருள் சொல்லிக் கேட்ட நூல்தான். அச்சுப் பிரதி எங்கேயும் போகாது. அந்த ராகம் தெரிந்த பெரியவர்கள்தான் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். ஊவாவில் இன்னும் இருப்பவர்களிடம் போய்ப் பதிந்துகொள்ள ஒரு கைத்தொலைபேசி போதும். நாட்டுப் படலத்திலிருந்தே தொடங்கலாம். அடைமழை மாதங்களில் இங்கே அதற்குப் பொருள் சொல்வது லேசு.