ஃபில்டர் போர்டு வேண்டாம், ஆரஞ்சு ஜாக் போதும்

சொந்தமாகச் செய்த சப்வூஃபரைக் கணினியில் மாட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் கடையில் முதலில் கேட்பது, பேஸை மட்டும் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்பும் ஒரு ஃபில்டர் போர்டு. 4558 ஐசி, வால்யூமுக்கு ஒரு திருகி, ஃப்ரீக்வென்சிக்கு ஒரு திருகி. சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கிறது. அதை வாங்க வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். டெஸ்க்டாப்பின் பின்பக்க ஜாக்கும் ஓர் இலவச மென்பொருளும் அதே வேலையை இன்னும் நன்றாகச் செய்கின்றன.

முதலில் பெட்டி. ரப்பர் ஓரம் வைத்த 8 அங்குல, 4 ஓம் வூஃபர். 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை, உள்ளளவு 30 லிட்டர். காற்று வெளியேற 70 மி.மீ. உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாய். குழாயை 19 செ.மீ. நீளத்துக்கு வெட்டினால் பெட்டி ஏறத்தாழ 40 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் ஆகும். நீளம் கூடினால் அந்த எண் இறங்கும், குறைந்தால் ஏறும். 40ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி ஒலிப்பது 41 ஹெர்ட்ஸில். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டை வாசித்துக்கொண்டே வரும். அது முழுதாகக் கேட்க வேண்டும் என்றால் பெட்டி அதுவரை இறங்க வேண்டும். எந்த வூஃபருக்கு எவ்வளவு பெரிய பெட்டி என்ற கணக்குக்கு அடித்தளம் போட்டவர் நெவில் தீல், 1961இல் ஆஸ்திரேலியாவில். ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் அதை விரித்தார். மலிவு வூஃபர்களில் இந்தக் கணக்குக்கு வேண்டிய எண்களை அச்சிடுவதில்லை. ஆர்.ஈ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருளும் ஒரு ரெசிஸ்டரும் இருந்தால் நாமே அளந்துகொள்ளலாம்.

ஆம்புக்கு டி.பி.ஏ. 3118 சிப் வைத்த மோனோ போர்டு, 24 வோல்ட் அடாப்டர். 24 வோல்ட்டில் 4 ஓம் வூஃபருக்கு 72 வாட்டுக்கு மேல் சுத்தமான ஒலி தர இயற்பியலே இடம் தராது. ஆகவே அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. என்ற விளம்பர வாட் எண்ணை நம்ப வேண்டியதில்லை. ஓர் அறைக்கு இந்த வாட் தாராளம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: இந்த ஆம்பில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயரிலும் சிக்னல் இருக்கும். மைனஸ்தானே என்று ஒன்றை எர்த்திலோ கணினியின் உடம்பிலோ தொடவிட்டால் சிப் போய்விடக்கூடும்.

இனி இணைப்பு. பலர் பச்சை ஜாக்கிலிருந்து ஸ்பிளிட்டர் போட்டு, இடது வலது ஒயர்களை முறுக்கி ஒன்றாக்கி ஆம்புக்குக் கொடுக்கிறார்கள். இரண்டு அவுட்புட்டும் ஒன்றோடொன்று மோதும். ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்துச் சேர்த்தால் அந்தச் சிக்கல் தீரும். ஆனாலும் பெரிய குறை அப்படியே இருக்கும்: மேசை மேலுள்ள சின்ன ஸ்பீக்கர்களுக்குப் பேஸ் போய்க்கொண்டேதான் இருக்கும். மூன்று அங்குலக் கூம்பு 50 ஹெர்ட்ஸை ஒலிக்கத் திணறும்போது அதே கூம்பில் வரும் பாடகர் குரலும் கலங்கிப்போகும்.

ஆரஞ்சு ஜாக் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. ஐந்து ஜாக் கொண்ட மதர்போர்டில் அது சென்டர், சப்வூஃபர் இரண்டுக்கும் பொது. மூன்றே ஜாக் இருந்தால் டிரைவர் அமைப்பில் பிங்க் நிற மைக் ஜாக்கை அந்த வேலைக்கு மாற்ற முடியும். 3.5 மி.மீ. முனையிலிருந்து இரண்டு ஆர்.சி.ஏ. பின்னாகப் பிரியும் ஒயர் போதும். ஒரு பின்னில் சென்டர், மற்றதில் சப். மாற்றிப் பார்த்தால் எது எதுவென்று தெரிந்துவிடும். விண்டோஸில் ஸ்பீக்கர் அமைப்பை 5.1 ஆக்கி, இல்லாத ஸ்பீக்கர்களின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

பாட்டு இரண்டு சேனல்தான் என்பதால் இப்போதும் சப் பேசாமல் இருக்கலாம். ஈக்வலைசர் ஏ.பி.ஓ. என்ற இலவச மென்பொருளில் இடது வலது இரண்டையும் பாதிப் பாதியாகக் கலந்து சப் சேனலுக்கு அனுப்புங்கள். அந்தச் சேனலில் 80 ஹெர்ட்ஸ் லோ-பாஸ் (அதற்குக் கீழே உள்ளதை மட்டும் விடும்), சின்ன ஸ்பீக்கர்களில் 80 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் (அதற்கு மேலே உள்ளதை மட்டும் விடும்). இரண்டையும் இரண்டிரண்டு முறை போட்டால் வெட்டு செங்குத்தாக விழும். சப்புக்கு 30 ஹெர்ட்ஸில் இன்னொரு ஹை-பாஸும் வையுங்கள். ட்யூன் செய்த எண்ணுக்குக் கீழே கூம்புக்குக் காற்றின் பிடி இருக்காது, அடித்துக்கொண்டு கிழியும். இதை முடித்ததும் எனக்கு முதலில் தெரிந்த மாற்றம் பேஸில் இல்லை, குரலில். சுமை இறங்கிய சின்ன ஸ்பீக்கர்கள் வேறு ஸ்பீக்கர்களைப் போலப் பாடின. ஃபில்டர் போர்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதைத் தராது, அதன் கை சப்புக்கு மட்டுமே எட்டும்.

அடுத்தது அறை. 10க்கு 12 அடி அறையில் நீளவாக்கில் 47 ஹெர்ட்ஸும் அகலவாக்கில் 56 ஹெர்ட்ஸும் சுவர்களுக்கிடையே தேங்கி நிற்கும். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுரம் ‘கும்’மென்று முழங்குவதற்கு வூஃபரைக் குறை சொல்லக் கூடாது. 30இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோனை ஓடவிட்டு, எங்கே எகிறுகிறது என்று காதால் பிடியுங்கள்; அந்த எண்ணில் 5, 6 டெசிபல் குறைத்தால் பேஸ் கட்டுக்குள் வரும். பெட்டியை மூலையில் வைத்தால் சத்தம் கூடும், முழக்கமும் கூடும். மேசைக்கு அருகில் சுவரோரமே என் தேர்வு. கடைசியாக 80 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு வூஃபரின் பிளஸ் மைனஸை மாற்றிப் பாருங்கள். எப்படி மாட்டினால் சத்தம் அதிகமோ அதுவே சரி.

பாட்டு நின்ற பிறகும் ‘ம்ம்ம்’ என்ற ஹம்மிங் கேட்டால் பெரும்பாலும் அது எர்த் வளையம். கணினியையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் பல நேரம் அடங்கும். எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள், உயிருக்கு ஆபத்து. இதற்கென்று விற்கும் ஐசொலேட்டர் ஒயரையும் சப்புக்குப் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே இருக்கும் குட்டி டிரான்ஸ்பார்மர் 40 ஹெர்ட்ஸைத் தாங்காது. ஹம்மிங்கோடு நாம் தேடிய பேஸையும் குறைத்துவிடும்.

லேப்டாப்காரர்களுக்கு ஆரஞ்சு ஜாக் கிடையாது. 5.1 அவுட்புட் உள்ள யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்கினால் மேலே சொன்ன அத்தனையும் பொருந்தும். சார்ஜரைக் கழற்றியதும் ஹம்மிங் நின்றால் குற்றம் சார்ஜருடையது. சப்பை மட்டும் புளூடூத்தில் சேர்க்கும் யோசனையைக் கைவிடுங்கள்: ஒலி தாமதமாக வரும், டிரம் ஒரு பக்கமும் அதன் அடி ஒரு பக்கமுமாகப் பிரிந்து கேட்கும்.