நட்சத்திரக் குறியும் நாலு முடியும்

தமிழில் கவிதையை விமரிசிக்க ஆள் இருக்கிறது. சினிமாவை விமரிசிக்கத் தெருவுக்கு நாலு பேர். தினம் ராத்திரி கேட்காமல் வீட்டுக்குள் வந்து போகிற முப்பது விநாடிக் கதையை, அதாவது தலைமுடி விளம்பரத்தை, யாரும் சீந்துவதில்லை. இந்த வாரம் அந்தக் குறையைத் தீர்த்துவிடலாம்.

கதை உங்களுக்குத் தெரியும். பெண் தலை வாருகிறாள். சீப்பில் ஒரு கொத்து முடி. முகம் வாடுகிறது. தோழியோ அம்மாவோ வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவரோ பாட்டிலை நீட்டுகிறார். படத்தில் ஒரு நீலத்துளி வேருக்குள் இறங்குகிறது. அடுத்த காட்சியில் கூந்தல் ஸ்லோமோஷனில் அருவி. சுபம்.

திரைக்கதை கச்சிதம்தான். ஆனால் நிஜமான கதாசிரியர் திரையின் அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் ஒளிந்திருக்கிறார். ‘முடி உதிர்வு குறையும்’ என்ற வாக்கியத்தின் தலையில் நட்சத்திரக் குறி இருக்கிறதா பாருங்கள். கீழே பல சமயம் எழுதியிருப்பது: ‘முடி உடைவதால் ஏற்படும் உதிர்வு’.

முடி பாதியில் உடைவது வேறு, வேரோடு விழுவது வேறு. வழவழப்பாக எதையாவது தடவினால் சிக்கு குறையும்; சீப்பில் மாட்டி அறுவதும் குறையும். அந்த அளவுக்கு நியாயம்தான். ஆனால் படம் வேரைக் காட்டுகிறது, வாக்கியம் நுனியைப் பற்றிப் பேசுகிறது. நம் கவலையோ வேரைப் பற்றியது.

இதைவிடப் பெரிய சாமர்த்தியம் ஒன்று உண்டு. அதை விளம்பரம் செய்வதில்லை. முடியே செய்து கொடுக்கிறது. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றும் சில வருஷம் வளர்ந்து, மூணு மாதம் போல ஓய்வெடுத்து, விழுந்து, அதே இடத்தில் மறுபடி முளைக்கும். தினம் ஐம்பதிலிருந்து நூறு விழுவது சகஜம். டெங்கு, டைபாய்டு, பிரசவம், பட்டினி டயட் என்று உடம்புக்கு ஓர் அதிர்ச்சி வந்தால், ஏராளமான முடிகள் சேர்ந்தாற்போல் லீவு போட்டுவிடும். இரண்டு மூணு மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். டாக்டர்கள் இதை ‘டெலோஜன் எஃப்ளூவியம்’ என்கிறார்கள். 2020, 2021ல் கோவிட் வந்து போன பலர் இதை அனுபவித்தார்கள். காரணம் விலகிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நிற்கும்.

இப்போது யோசியுங்கள். கொட்டுகிறபோது எண்ணெய் வாங்குகிறீர்கள். சில மாதத்தில் நிற்கிறது. பெருமை யாருக்கு? ‘எனக்கு நல்லா கேட்டுச்சுடி’ என்று தங்கையிடம் சொல்கிறீர்கள். அது பொய்யில்லை. ஆனால் எண்ணெயே தடவாத இன்னொரு நீங்கள் இருந்திருந்தால், அவருக்கும் நின்றிருக்கும். அவரைத்தான் யாரும் பார்க்கவில்லை.

மருத்துவ ஆராய்ச்சி என்பது அந்த ‘இன்னொரு நீங்களை’ ஏற்பாடு செய்கிற வேலை. புழுவெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி முடியின் வேரையே எதிரி என்று தாக்குவதால் வருவது. சிலருக்கு புருவம், இமை எல்லாம் போகும். நகத்தில் குண்டூசி குத்தினாற்போல் குழி விழும். 2022ல் ‘நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதற்கு பாரிசிடினிப் என்ற மாத்திரையைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டது. இரண்டு சோதனைகள், மொத்தம் 1,200 பேர், எல்லாருமே தலையில் பாதியாவது முடி இழந்தவர்கள். ஒரு பகுதியினருக்கு மருந்து, ஒரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரை. 36 வாரம் கழித்து, தலையில் 80 சதவிகிதமாவது முடி இருந்தவர்கள் எத்தனை பேர்? 4 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் ஒரு சோதனையில் 38.8 சதவிகிதம், மற்றதில் 35.9. டம்மி சாப்பிட்டவர்களில் 6.2, 3.3.

விமரிசகனாக நான் ரசித்தது அந்தக் கடைசி இரண்டு எண்களை. நூற்றில் சிலருக்கு ஒன்றுமே கொடுக்காமல் முடி வந்திருக்கிறது. அந்தச் சிலரை மட்டும் போட்டோ எடுத்தால் ஓர் எண்ணெய் கம்பெனியே தொடங்கலாம். ஆராய்ச்சிக் கட்டுரையோ அதையும் சொல்லி, நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் இலக்கை எட்டவில்லை என்பதையும் காட்டிவிடுகிறது. மருந்தின் லேபிளில் தொற்று, ரத்தக்கட்டி, புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. நிறுத்தினால் பலருக்கு மறுபடி கொட்டும். விளம்பரமாக இது படுதோல்வி. நம்பலாம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

அடுத்து, ‘முடிக்கும் நகத்துக்கும்’ என்று விற்கிற பயோட்டின் மாத்திரை. 2017ல் வெளிவந்த ஒரு மருத்துவ அலசல், அதுவரை பதிவானவற்றில் கண்டெடுத்தது 18 கேஸ். பதினெட்டிலும் முடியையோ நகத்தையோ பாதிக்கிற வேறு கோளாறு அடியில் இருந்தது. நன்றாக இருக்கிறவர்களுக்கு உதவும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. அதே வருஷம் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரித்தது: நிறைய பயோட்டின் சாப்பிட்டால் சில ரத்தப் பரிசோதனைகள் தப்பாக வரலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனின் டெஸ்ட்டும் அதில் ஒன்று. நகம் பளபளக்க ஆசைப்பட்டு இதயத்தைக் கோட்டை விடலாம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. நம் மருந்து விதிகளில் ‘ஜே’ அட்டவணை, எந்த மருந்தும் குணமாக்குவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாத கோளாறுகளின் பட்டியல். வழுக்கையும் புதுமுடி வளர்ப்பதும் அதில் உண்டு. 2021ல் திருச்சூர் நுகர்வோர் நீதிமன்றம் ஒரு கூந்தல் விளம்பரத்துக்காக நிறுவனத்துக்கும் அதில் நடித்த மலையாள நடிகருக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. நடிகர் அந்தச் சரக்கைத் தடவிப் பார்த்ததே இல்லையாம். அவர் தலைக்கு அம்மா காய்ச்சித் தந்த எண்ணெய்தான்!

அம்மா எண்ணெயோடு எனக்குச் சண்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மசாஜ் சுகமானது. என் சண்டை காலவிரயத்தோடு. சில சொட்டைகள் காத்திருக்காது. ‘லைக்கன் பிளானோபைலாரிஸ்’ போன்றவற்றில் வேர் அழிந்து தழும்பாகிவிடும். அப்புறம் எந்த மருந்தாலும் அங்கே முடி வராது. குழந்தையின் தலையில் வரும் படர்தாமரைக்கு உள்ளுக்கு மாத்திரை வேண்டும். சிலருக்கு விஷயமே இரும்புச்சத்துக் குறைவு அல்லது தைராய்டு. மூணு பாட்டிலின் காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அதைத் தடவிக்கொண்டிருந்த ஆறு மாதத்தை எங்கே போய் வாங்குவது?

ஆகவே, திட்டுத் திட்டாகக் கொட்டினால், தலை எரிந்தால், செதில் உதிர்ந்தால் ஸ்கின் டாக்டரைப் பாருங்கள். ‘நூற்றுக்கு நூறு கியாரண்டி’ என்பவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ‘சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, பார்க்கலாம்மா’ என்று இழுக்கிற டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள். அவர்தான் நட்சத்திரக் குறியை வாய்விட்டுப் படிக்கிறவர்.