வாசகனை நம்பி எழுதிய கைப்புத்தகம்

யந்திரக் குறிப்புப் புத்தகத்தையெல்லாம் விமரிசனம் செய்வதா என்று சில ரஸிகர்கள் முகம் சுளிக்கக்கூடும். செய்யலாம் என்பது என் கட்சி. டேவிட் லாயர் எழுதிய 'மோடம் ஹவ்டூ'வைப் படித்தபோது, வசனம் என்பது எதற்காக ஏற்பட்டது என்ற ஞாபகம் எனக்கு வந்தது.

இதன் வாசகன் யார்? 1990-களின் கடைசியில் கம்ப்யூட்டரில் லினக்ஸை ஏற்றிக்கொண்டு, டெலிபோன் வழியாக இன்டர்நெட்டுக்குப் போக முயன்று தோற்றவன். யாரிடமாவது விசாரிக்கலாமென்றால் அதற்கும் இன்டர்நெட் வேண்டும். லினக்ஸ் வந்த ஸிடியிலேயே கூட வந்த இந்தக் கைப்புத்தகம்தான் துணை. இத்தனை கவனமாகப் படிக்கிற வாசகன் எந்த நாவலாசிரியனுக்கும் கிடைத்ததில்லை.

வின்மோடத்தைப் பற்றிய பகுதியே புத்தகத்தின் உயிர் என்று சொல்லுவேன். உண்மையான மோடம் எண்களை ஒலியாகவும் ஒலியை எண்களாகவும் தானே மாற்றும். வின்மோடமோ அந்த உழைப்பைக் கம்ப்யூட்டரின் தலையில் கட்டிவிடுகிறது. அதற்கான புரோகிராமைப் பெரும்பாலான கம்பெனிகள் விண்டோஸுக்கு மட்டுமே கொடுத்தன. சில்லின் ரகசியத்தை வெளியிடவுமில்லை. அட்டை என்னவோ மோடம் போலவே இருக்கும், டெலிபோன் கம்பிக்குத் துளையும் இருக்கும். இரவெல்லாம் மன்றாடியும் பேசாத அட்டையை வைத்துக்கொண்டு தன் அறிவையே சந்தேகித்தவன், பழி தன்னுடையதல்ல என்று இங்கே தெரிந்துகொள்கிறான். காசு கொடுத்து வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. லூஸென்ட் சில்லுகளுக்குப் பின்னால் லினக்ஸ் டிரைவர் வந்தது உண்டு. அதிலும் ஒரு பகுதி மூடிய பெட்டிதான்.

குறையும் இருக்கிறது. லாயருக்குத் தெரிந்ததை விட்டுவிட மனம் வருவதில்லை. ஸீரியல் போர்ட், இன்டரப்ட் என்று விளக்கங்கள் நீண்டுகொண்டே போகின்றன. விண்டோஸில் காம்1 என்பது லினக்ஸில் டிடிஒய்எஸ்0 ஆகிவிடும். ஒன்றைப் பூஜ்யம் என்று படிக்கப் பழகுகிறவனுக்கு இன்னும் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாம்.

துணை நூலான 'பிபிபி ஹவ்டூ'வில் வருகிற உரையாடல் எனக்கு மிகவும் பிடித்தது. 'சாட்' என்ற சிறு புரோகிராமுக்கு ஒரு நாடகப் பிரதி எழுதிக் கொடுக்க வேண்டும்: இது காதில் விழுந்தால் இதைச் சொல், 'பிஸி' என்று வந்தால் விட்டுவிடு. மோடத்தை அழைக்கும் 'ஏடி' என்ற சொல் 1981-ல் வந்த ஹேய்ஸ் மோடத்தின் பாஷை. எதிர்முனைக் கம்ப்யூட்டர் 'லாகின்' என்று கேட்கும். ஆனால் பிரதியில் அதன் முதல் எழுத்தை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எழுத வேண்டும். ஒருவர் அந்த எழுத்தைப் பெரியதாகப் போடுவார், இன்னொருவர் சின்னதாகப் போடுவார், எதற்கு வம்பு! மனிதர்களின் போக்கை அறிந்தவன் கண்டுபிடித்த தந்திரம் இது. நம் வசனகர்த்தாக்கள் பலருக்கு இவ்வளவு காது கிடையாது.

டயல்-அப் அநேகமாக மறைந்துவிட்ட இன்று, லாயரின் புத்தகத்தை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. வின்மோடம் பகுதியைப் படித்துவிட்டு, மோடம் எப்படி வேலை செய்கிறது என்ற அனுபந்தத்துக்குப் போய்விடலாம். அங்கே லாயர் அவசரப்படாமல் பேசுகிறார்.