முதலில் செருப்பு, பிறகு கவசம்

போன கோடையில் ஒரு சனிக்கிழமை. வட இங்கிலாந்தில், ஹேட்ரியன் சுவரை ஒட்டிய ஒரு அருங்காட்சியக வாசலில் தடாலென்று வழுக்கி விழுந்தேன். தலையில் ரோமானிய ஹெல்மெட், உடம்பில் இரும்புக் கவசம், காலில் அடிப்பக்கம் முழுக்க ஆணி அறைந்த தோல் செருப்பு. கல் பாவிய தரையில் இரண்டு அடி வைத்தேன், அவ்வளவுதான். வேடிக்கை பார்க்க வந்த குழந்தைகளுக்கு அன்றைய நிகழ்ச்சியிலேயே பிடித்த பகுதி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

முழங்கை வீக்கம் வடிய ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்தில்தான் ஜோசிபஸ் எழுதிய ஒரு சம்பவம் எனக்குப் புரிந்தது. கி.பி. 70இல் ஜெருசலேம் முற்றுகையின்போது ஜூலியானஸ் என்ற செஞ்சுரியன் தனியாளாக எதிரிகளை விரட்டிக்கொண்டு கோயில் முற்றத்துக்குள் ஓடுகிறான். ஆணிச் செருப்பு கல்தளத்தில் வழுக்குகிறது. விழுகிறான். சூழ்ந்துகொண்டு கொன்றுவிடுகிறார்கள். முன்பு படித்தபோது ‘பாவம், தலைவிதி’ என்று தாண்டிப் போயிருந்தேன். விழுந்த பிறகுதான் தெரிந்தது, அது விதி இல்லை, செருப்பு.

இந்தப் பொழுதுபோக்கின் மேல் எனக்குள்ள மரியாதை, மனத்தாங்கல் இரண்டுமே அந்த ஒரு விழுகையில் இருக்கின்றன. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ரீஎனாக்ட்மென்ட், அதாவது வரலாற்று மீள்நடிப்பு, என்பது நாடகம் இல்லை. ஒரு காலத்து உடை, கருவி, சமையல், போர்ப்பயிற்சி எல்லாவற்றையும் சான்றுகளைப் பார்த்துத் திரும்பச் செய்து, உடுத்தி, பயன்படுத்திக் காட்டுவது. ரோமானியப் படையைப் பொறுத்தவரை இதில் பழம்பெரும் குழு இங்கிலாந்தின் எர்மைன் ஸ்ட்ரீட் கார்டு. 1972இல் குளோஸ்டர்ஷயரில் தொடங்கியது. இன்று ஐரோப்பா, அமெரிக்கா முழுக்க இப்படிக் குழுக்கள் உண்டு. நான் சேர்ந்தது பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு சின்னக் குழுவில். ஒரு சீசன் முழுக்க அவர்களோடு சுற்றினேன். நல்ல மனிதர்கள். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும்.

சேர்ந்த அன்றைக்கே கையில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். ஹெல்மெட், பட்டைக் கவசம், செவ்வகக் கேடயம், குறுவாள், குத்துக்கத்தி, எறிஈட்டி. கடைசியில், ஏதோ மறந்துபோனது போல, சிவப்பு அங்கியும் செருப்பும். வாங்க வேண்டிய வரிசையும் இதுதான் என்றார்கள். நானும் ஆசை ஆசையாக முதலில் ஹெல்மெட்டைத்தான் வாங்கினேன். பார்சலைப் பிரித்து உள்ளே பார்த்தால் ‘மேட் இன் இந்தியா’. நியூகாசிலில் உட்கார்ந்துகொண்டு ரோமாபுரிக்கு ஆசைப்பட்டவனுக்கு ஊரிலிருந்தே வந்து சேர்ந்தது!

பட்டியலில் என்ன தப்பு? முதல் தப்பு, அது ஒரே ஒரு ரோமானியனைத்தான் காட்டுகிறது. டிராஜன் தூண் கி.பி. 113இல் எழுந்தது. அதில் லெஜியன் வீரர்கள் எல்லாரும் பட்டைக் கவசம் போட்டிருப்பார்கள், துணைப்படையினர் வளையச் சட்டை போட்டிருப்பார்கள். யார் எவர் என்று பார்த்ததும் தெரிய வேண்டும் என்று சிற்பி கண்ட வழி அது. ஆனால் அதே போர்களின் நினைவாக ருமேனியாவின் ஆடம்கிளிசியில் எழுப்பிய சின்னத்தைப் பாருங்கள். அங்கே லெஜியன் வீரர்கள் வளையச் சட்டையும் செதில் கவசமும் அணிந்து, கைக்கும் காப்புப் போட்டு நிற்கிறார்கள். தலைநகரத்துச் சிற்பி செய்த சீருடை ஒன்று, போர்க்களத்துக்குப் பக்கத்தில் செதுக்கியது வேறு. சினிமா தலைநகரத்துச் சிற்பியின் பக்கம் போனது. சினிமாவைப் பார்த்து வளர்ந்த நாமும் அதே பக்கம் போனோம். ‘லோரிகா செக்மென்டாடா’ என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அந்தப் பெயரே ரோமானியர் வைத்தது இல்லை, மிகப் பின்னால் வந்த அறிஞர்கள் வைத்தது.

கவசமே பொய் என்று நான் சொல்லவில்லை. 1964இல் ஹேட்ரியன் சுவருக்குத் தெற்கே கார்பிரிட்ஜில் ஒரு மரப்பெட்டி கிடைத்தது. அதற்குள் துருவேறிய கவசப் பட்டைகள். அவற்றை வைத்துத்தான் ரஸ்ஸல் ராபின்சன், இந்தக் கவசம் உள்ளே தோல்வார்களால் கோத்தது, உடம்போடு வளையக்கூடியது என்று காட்டினார். அதுவரை தூணின் சிற்பத்தை மட்டும் பார்த்து ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மீள்நடிப்புக் குழுக்கள் அதைச் செய்து மாட்டிக்கொண்டு நடந்து பார்த்ததால், எந்த வார் முதலில் அறும், எந்தக் கீல் உடையும் என்பதெல்லாம் தெரிய வந்தது. இது சின்ன விஷயமா?

ஆக, இந்தப் பொழுதுபோக்கு ஆராய்ச்சிக்கு எதையாவது கொடுத்திருந்தால், அது தோற்றத்தால் வந்தது இல்லை, செய்து பார்த்ததால் வந்தது. பீட்டர் கானலி நான்கு கொம்பு வைத்த ரோமானியச் சேணத்தைத் திரும்பச் செய்து காட்டினார். அங்கவடி இல்லாமல் ரோமானியக் குதிரைவீரனால் உறுதியாக உட்கார்ந்து சண்டை போட முடியாது என்று பலர் சொல்லிவந்ததற்கு அதுதான் பதில். அந்தக் கொம்புகளே ஆளைப் பிடித்துக்கொள்கின்றன. ஜெர்மனியின் மார்க்குஸ் யுங்கெல்மன் 1985இல் சில பேரோடு முழு ரோமானியச் சுமையைத் தூக்கிக்கொண்டு வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ஆக்ஸ்பர்க் வரை நடந்தார். 500 கிலோமீட்டருக்கு மேல். மூட்டை எங்கே அறுக்கும், மாவு அரைக்க எவ்வளவு நேரம் போகும் என்பதெல்லாம் நடந்தால்தான் தெரியும். என் முழங்கையும் அந்த வரிசையில் ஒரு சின்னப் பங்களிப்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரிது. அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் சண்டைச் சாமான். ஹேட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது விண்டோலண்டா கோட்டை. 1973 முதல் அங்கே மையால் எழுதிய மெல்லிய மரச்சீவல்கள் மண்ணிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. ஒன்றில் துங்ரியர்களின் முதல் படைப்பிரிவுக் கணக்கு. மொத்தம் 752 பேர். 456 பேர் வெளியூரில். கோட்டையில் இருந்த 296 பேரில் 31 பேர் வேலைக்கு லாயக்கில்லை. அதில் நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண்நோய்க்காரர்கள் 10. புரிகிறதா? வெட்டுக்காயத்தைவிடக் கண்நோய் அதிகம்! இன்னொரு சீவலில் பட்டறை வேலைக்குப் போன 343 பேரின் கணக்கு. அதில் செருப்புத் தைப்பவர்கள் 12 பேர், குளியலறை கட்டப்போன கொத்தனார்கள் 18 பேர். வேறொன்றில் யாரோ யாருக்கோ சாக்ஸும் செருப்பும் உள்ளாடையும் அனுப்பி வைக்கிறார்கள். கோட்டையில் கிடைத்த செருப்புகளோ ஆயிரக்கணக்கில். பெண்கள் போட்டதும் குழந்தைகள் போட்டதும் அவற்றில் உண்டு.

இவ்வளவு சான்று கண்ணெதிரே இருக்கிறது. நாங்கள் காட்டியது என்ன? பத்துப் பேர் கேடயத்தைச் சேர்த்து ஆமை வியூகம் அமைத்தோம், கத்தினோம், ஈட்டி எறிந்தோம். பின்னால் ஒரு கூடாரத்தில் இரண்டு பெண்கள் ரொட்டி சுட்டார்கள். அவ்வளவுதான். அடிமை ஒருவர்கூட இல்லை. சவுத் ஷீல்ட்ஸில் ரெஜினா என்ற பெண்ணின் கல்லறைக்கல் இருக்கிறது. தென் பிரிட்டனின் கட்டுவெல்லாவ்னி குலத்தவள். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள். விடுவித்து மனைவியாக்கிக்கொண்ட பராத்தஸ் சிரியாவின் பால்மைராக்காரன். அவள் 30 வயதில் இறந்ததும் லத்தீனிலும் தன் தாய்மொழியிலும் கல்வெட்டு வெட்டி வைத்தான். அதைப் பாசம் என்பதா, வேறேதாவது சொல்வதா? இந்தக் கேள்வியைக் கிளப்பாத ரோமானியக் கண்காட்சி எனக்கு அணிவகுப்பாகத்தான் தெரிகிறது. அடிமையை நடித்துக் காட்டுவது அபத்தமாக, அவமானமாக முடியலாம் என்பது நியாயமான பயம். நடிக்க வேண்டாம், பேசலாமே. மாவு அரைக்கும் கல்லைக் காட்டும்போது அதை யார் அரைத்தார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ரெஜினாவிடமிருந்து என் கதைக்கு வருகிறேன். குழுத்தலைவர் என்னைப் பார்த்ததும், “நீங்க சிரியா வில்லாளியா வரலாமே, பொருத்தமா இருக்கும்” என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். சிரியாவின் ஹமா ஊர் வில்லாளிகள் கார்வரன் கோட்டையில் இருந்தது உண்மையும்கூட. ஆனால் மற்ற ஒன்பது பேரிடமும் ‘உங்க முகத்துக்கு எந்த ஊர் பொருந்தும்?’ என்று யாரும் கேட்கவில்லை. சுவரைக் கட்டியது லெஜியன்கள். பிறகு அதில் காவல் நின்றவர்கள் பெரும்பாலும் இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து, ஸ்பெயின், சிரியா, வட ஆப்பிரிக்கா என்று வந்த துணைப்படைகள். பர்க்-பை-சேண்ட்ஸ் கோட்டையில் மூர்களின் படை இருந்ததற்குக் கல்வெட்டு உண்டு. யார்க்ஷயர் அண்ணாச்சி ஒருவர் சிவப்பு அங்கி போட்டு இத்தாலியனாக நிற்பது வேஷம் என்றால் நான் நிற்பதும் வேஷம். அவருக்கு இல்லாத விளக்கம் எனக்கு எதற்கு?

கோபத்தோடு வீட்டுக்கு வந்து விண்டோலண்டா சீவல்களைத் திரும்பப் புரட்டியபோது ஒரு கணக்குக் கண்ணில் பட்டது. தாப்போவின் மகன் காம்பாக்ஸ் என்ற சிப்பாய் 2 டினாரியஸுக்கு மிளகு வாங்கியிருக்கிறான். மிளகு! முசிறித் துறையில் கப்பலேறிய சரக்கு செங்கடல், நைல், மத்தியதரைக்கடல் எல்லாம் தாண்டி இந்தக் குளிரில் ஒரு சிப்பாயின் கடன் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இங்கே என்ன வேலை என்று யாராவது கேட்டால் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. மிளகைக் காட்டினால் போதும்.

சரி, நீங்கள் புதிதாக இதில் இறங்கப் போகிறீர்கள் என்றால், ஒரு சீசன் அடிபட்டவன் சொல்வதைக் கேளுங்கள். முதலில் ஒரு ஊரையும் ஒரு இருபது வருஷத்தையும் தேர்ந்தெடுங்கள். ‘ரோமானியன்’ என்று யாரும் பொதுவாக இருந்ததில்லை. அந்த இடத்துக்கும் காலத்துக்கும் உரிய காலணியை முதலில் வாங்குங்கள், முடிந்தால் தைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். திறந்த ஆணிச் செருப்பு முதல் நூற்றாண்டுக்குத்தான் பொருந்தும், இரண்டாம் நூற்றாண்டில் மூடிய காலணி வந்துவிட்டது. அடுத்தது கம்பளி அங்கியும் இடைவாரும். சிவப்புதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், சாயமேற்றாத கம்பளிக்கும் ஆதாரம் உண்டு. கவசத்தை ஒரு வருஷம் இரவல் வாங்குங்கள். பல குழுக்களில் கொடுப்பார்கள். கையில் ஒரு தொழில் வைத்துக்கொள்ளுங்கள்: தோல்வேலை, மாவு அரைத்தல், மரச்சீவலில் எழுதுதல், எதுவானாலும். எந்தக் குழுவில் சேர்ந்தாலும் முதல் நாளே, “இதுக்கு ஆதாரம் என்னங்க?” என்று கேளுங்கள். சந்தோஷமாகப் பதில் சொன்னால் இருங்கள். முகம் சுளித்தால் வந்துவிடுங்கள்.

ஹெல்மெட் அலமாரி மேல் இருக்கிறது. வரும் சீசனுக்கு அதை எடுப்பதாக இல்லை. அந்தச் சீவலில் சொன்ன 12 செருப்புத் தைப்பவர்களோடு பதின்மூன்றாவது ஆளாக உட்காரப் போகிறேன். ஊசியும் மெழுகு தடவிய நூலும் வாங்கியாகிவிட்டது. முதல் ஜோடியில் இடது கால் ஒரு விரல் பெரிதாக வந்துவிட்டது. அதைத்தான் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன், கல்தரைப் பக்கம் போகாமல்.