குரங்கும் வண்டும்: ஓர் அட்டவணையின் குறை

"ஒரு குரங்கையும் ஒரு வண்டையும் ஒப்பிடுக" என்பது போன்ற வினாவுக்கு மாணவர்கள் அட்டவணை போட்டு விடை எழுதுவதைக் கண்டிருப்பீர்கள். தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம் என்று இறங்கி, கடைசிக் கட்டத்தில் 'பாதுகாப்பு நிலை' வரும். அந்தக் கடைசிக் கட்டத்தின் மீதுதான் எனக்குக் குறை.

உடுமலைப்பேட்டையையே எடுத்துக்கொள்வோம். ஊருக்குத் தெற்கே தெரியும் ஆனைமலைத் தொடரின் மழைக்காடுகளில் சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு வாழ்கிறது. ஊரைச் சுற்றியுள்ள தென்னந்தோப்புகளில் காண்டாமிருக வண்டு. இவ்விரண்டுக்கும் அறிவியல் பெயர் இட்டவர் ஒருவரே: சுவீடன் நாட்டு லின்னேயஸ், 1758-இல், ஒரே நூலில்! அவர் குறித்த பேரினங்கள் பின்னர் மாறி, குரங்கு மக்காக்கா ஆயிற்று; வண்டு ஒரிக்டஸ் ஆயிற்று. சைலீனஸ், ரைனோசெரஸ் என்ற சிற்றினப் பெயர்கள் இன்றும் நிற்கின்றன. ஒன்று பாலூட்டி, பிரைமேட் வரிசை. மற்றது பூச்சி, கோலியாப்டிரா வரிசை. இவை உயிரின் பரம்பரையைக் கூறுபவை. காடு அழிந்தாலும் இவை மாறமாட்டா.

பாதுகாப்பு நிலை அத்தகையதன்று. தேயிலை, காப்பித் தோட்டங்களால் காடு துண்டுபட்டது. சோலைமந்திகள் இயற்கையில் 4,000-க்கும் குறைவே. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அது 'அழியும் அபாயத்தில் உள்ளது'. ஒரு பேற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. அடுத்ததற்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள். வண்டோ எருக்குழியிலும் மட்கிய தென்னந்தடியிலும் முட்டையிடுகிறது. முட்டைகள் 50-க்கும் மேல். தென்னங்குருத்தைத் தீனியாகவும் எருக்குழியைத் தொட்டிலாகவும் கொடுத்தவர்கள் நாமே. (இரும்புக் கொக்கியால் வண்டைக் குத்தி எடுக்கும் தோப்புக்காரரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்!)

ஆகவே, 'குரங்கு அபாயத்தில். வண்டு நலம்' என்று முடித்துவிடலாமா? திருமூர்த்தி மலையில் உங்கள் கைப்பழத்தைப் பறிக்கும் நாட்டுக் குரங்கும் மக்காக்கா பேரினமே. 2008-இல் அது கவலைக்குரியதாகக் கருதப்படவில்லை. இன்றோ 'அழிவுக்கு இலக்காகக் கூடியது' என்ற பிரிவில் இருக்கிறது. அதன் வகைப்பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அந்தக் கட்டத்தில் மதிப்பிட்ட ஆண்டையும் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும்.

வண்டுப் பக்கம் இன்னும் மோசம். பாலூட்டிகளில் பெரும்பாலானவை மதிப்பிடப்பட்டுவிட்டன. பெயரிடப்பட்ட பூச்சிகளோ 10 லட்சம். அவற்றில் நூற்றுக்கு ஒன்று அளவே மதிப்பிடப்பட்டிருக்கிறது. காண்டாமிருக வண்டின் குடும்பத்தைச் சேர்ந்த சாணியுருட்டி வண்டுகள் சாணத்தை மண்ணில் புதைத்து நிலத்துக்கு எருவூட்டுகின்றன. அவற்றுள் பலவற்றை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் மாணவர் 'ஆபத்து இல்லை' என்று நிரப்புகிறார். ஆசிரியரும் சரி என்று குறியிடுகிறார்.