இரண்டிலும் நான்கிலும் இரைச்சல் இல்லை

மலிவு விலை ஸ்ட்ராட் வகை கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒருநாள் அந்த எண்ணம் வந்தே தீரும்: நெக் கைக்குப் பழகிவிட்டது, மரமும் குறை சொல்லும்படி இல்லை, பிக்கப்பை மட்டும் மாற்றினால் போதுமே! நான் மாற்றியது டோன்ரைடர் ‘பியூர் விண்டேஜ்’ செட். மூன்று சிங்கிள் காயில், அல்னிகோ 5 காந்தம், ஐம்பதுகளின் ஃபெண்டர் பாணி. மற்ற விவரங்கள் பெட்டியிலேயே இருக்கின்றன. சில வாரங்களாக வாசித்துவிட்டு நான் சொல்ல நினைப்பதெல்லாம் நடு பிக்கப்பைப் பற்றித்தான்.

நம் வீடுகளில் சிங்கிள் காயில் கிட்டார் படுத்தும் பாடு பெரிது. ஃபேனுக்கு எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், மூலையில் இன்வெர்ட்டர், பல வீடுகளில் ஒழுங்காக இல்லாத எர்த். காந்தத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய செம்புக் கம்பிக்கு ஸ்ட்ரிங்கின் அசைவும் ஒன்றுதான், சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் ஒன்றுதான். இரண்டையும் ஆம்ப்புக்கு அனுப்பிவிடும். ரெகுலேட்டரை மூன்றில் வைத்தால் கரகரக்கும், முழு வேகத்தில் வைத்தால் ஓரளவு அடங்கும். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு வாசிக்கவும் முடியாது.

இந்தச் செட்டின் நடு பிக்கப்பில் காந்தத்தின் துருவம் மற்ற இரண்டுக்கும் தலைகீழ். கம்பி சுற்றிய திசையும் எதிர்த்திசை. ஸ்ட்ரிங்கிலிருந்து வரும் சிக்னல் காந்தத்தால் ஒருமுறை, சுற்றால் ஒருமுறை திரும்பி, கடைசியில் நேராகவே நிற்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்தத்தோடு உறவில்லை. அது சுற்றால் மட்டும் திரும்புகிறது. ஐந்து இட ஸ்விட்ச்சை இரண்டிலோ நான்கிலோ வைத்து நடு பிக்கப்பையும் பக்கத்துப் பிக்கப்பையும் சேர்த்தால் இசை கூடும், இரைச்சல் கழியும். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் காப்புரிமை கோரிய இரட்டைக் காயில் பிக்கப்பான ஹம்பக்கரும் இதே கணக்குதான். ஃபேன் மூன்றில் ஓடிக்கொண்டிருக்க, நான்காம் இடத்தில் வால்யூமைக் கூட்டி ஒரு கார்டை மெதுவாக வருடினேன். அது தேய்ந்து மறையும் வரை முழுதாகக் கேட்டது. இத்தனை காலம் அந்த வால் பகுதியை இரைச்சல் தின்றுகொண்டிருந்தது.

1954இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரில் இந்த வசதி கிடையாது. அதன் ஸ்விட்ச்சுக்கு மூன்றே இடங்கள். வாசிப்பவர்கள் அதை இடையில் சிக்கவைத்து இரு பிக்கப்புகள் சேரும் கண்ணாடிச் சத்தத்தை எடுத்தார்கள். 1978இன் ‘சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்’ பாட்டில் மார்க் நாஃப்ளர் வாசிப்பது அதைத்தான். ஃபெண்டர் ஐந்து இட ஸ்விட்ச்சைக் கொண்டுவந்தது 1977இல். நடு பிக்கப்பைத் தலைகீழாக்கும் வழக்கம் அதற்கும் பிந்தியது. அன்றைய விலையுயர்ந்த கிட்டாரில் இல்லாத ஒன்று இன்று மலிவு செட்டில் கிடைக்கிறது. எனக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் விற்பனைப் பக்கங்களில் இதை யார் எடுத்துச் சொல்கிறார்கள்? கொட்டை எழுத்தில் இருப்பது காயிலின் மின்தடையைச் சொல்லும் கிலோ ஓம் எண். எண் பெரிதானால் சத்தமும் பெரிது என்ற நம்பிக்கையை வளர்த்துவிட்டார்கள். இன்னும் மெல்லிய கம்பியைச் சுற்றினால், சுற்று எண்ணிக்கை கூடாமலே அந்த எண் ஏறும். வெயிலிலும் ஏறும்: பத்து டிகிரி கூடினால் செம்பின் மின்தடை சுமார் 4 சதவீதம் கூடும். ஒரே பிக்கப் டிசம்பரில் ஓர் எண், மே மாதத்தில் வேறோர் எண் காட்டும். காந்தம் எது, கம்பி எத்தனை சுற்று என்று தெரியாமல் ஓம் கணக்கை மட்டும் பார்த்து வாங்குவது வீண். பிக்கப்பைப் புரட்டிப் பாருங்கள். அடியில் ஒரு பட்டைக் காந்தம் ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் செராமிக்; மேலே தெரிபவை வெறும் இரும்புத் துண்டுகள். இந்த வகை அல்னிகோ பிக்கப்பில் மேலே தெரியும் ஆறு தண்டுகளே காந்தம். மெதுவாக மீட்டினால் மெதுவாக, அழுத்தினால் அழுத்தமாகப் பேசும் குணத்தை நான் அதில்தான் கண்டேன்.

காசு மிச்சம் என்று ஒவ்வொன்றாக வெவ்வேறு நிறுவனத்திடம் வாங்குபவர்கள் ஒரு திசைகாட்டியையும் வைத்துக்கொள்ளட்டும். நடு பிக்கப்பும் பக்கத்து பிக்கப்பும் முள்ளின் ஒரே முனையை இழுத்தால் அவை இசையைக் கூட்டி இரைச்சலைக் கழிக்கும் ஜோடி அல்ல. சுற்று மட்டும் மாறியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: இரைச்சல் போகும், கூடவே பேஸும் போய், ஒலி சன்னமாகி மூக்கால் பேசும். முள்ளைக் காந்தத்துக்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டாம். முள்ளின் துருவமே மாறிவிடக்கூடும்.

ஸ்விட்ச்சின் ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய இடங்களில் இரைச்சல் அப்படியேதான் இருக்கிறது. கிட்டாருக்குள்ளே செம்புத் தகடு ஒட்டினால் கரகரப்பு குறையும். அடியில் ஓடும் ஹம் காந்தப்புலம் வழியாக வருவது, தகடு அதைத் தடுக்காது. பிரிட்ஜ் பிக்கப்பைத் தனியாக வைத்து டிஸ்டார்ஷனில் வாசிப்பதே உங்கள் வழக்கம் என்றால் இந்தச் செட் வேண்டாம், அந்த அளவிலேயே வரும் சிறிய ஹம்பக்கரை வாங்குங்கள். என்னைப் போல் இரண்டிலும் நான்கிலும் குடியிருப்பவர் என்றால், சால்டரிங் அயர்னைச் சூடேற்றலாம்.